அக்காவைக் கேட்காமல்

பிப்ரவரி 8, சனி

இன்றைக்குத் திண்டுக்கல்லில் முதல் முகாம். டிரஸ்ட்காரர்கள் எல்லோருக்கும் ஒரு டைரி, ஒரு பேனா, ஒரு நீல டி-ஷர்ட் கொடுத்தார்கள். தினமும் எழுதினால் தலைமைப் பண்பு வளருமாம். யாரும் வாங்கிப் படிக்க மாட்டோம் என்று நித்திலா மேடம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

நான் மோனிஷா. பதினொன்றாம் வகுப்பு. வேடசந்தூருக்குப் பக்கத்தில் காலனி வீடு. அப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போவாள், அது இல்லாத நாளில் தக்காளி பறிக்கப் போவாள். அக்கா ரேணுகாவை வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவளுக்குக் கைக்குழந்தை, தர்ஷன்.

முகாமுக்குப் பல ஊர் அரசுப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். எல்லோருமே கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைகள்தான். அதுதான் தகுதியே. பேச்சு, விளையாட்டு, குழு வேலை எல்லாம் பார்த்து ஆறு பேரை மே மாதம் ஜெர்மனிக்கு அனுப்புவார்கள். அங்கே மூன்று வாரம் ஒரு குடும்பத்தோடு தங்கவேண்டும். அவர்கள் பழக்கத்தை நாம் பார்க்கலாம், நம் பழக்கத்தை அவர்கள் பார்ப்பார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். "ஜெர்மனி எங்கிட்டு இருக்கு?" என்றாள். வரைபடத்தில் காட்டினேன். "அம்புட்டுத் தூரமா" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

நான் போயே ஆகவேண்டும்.

பிப்ரவரி 15, சனி

'என் பாதை' என்ற தலைப்பில் ஐந்து நிமிடம் பேசவேண்டும். நான் அப்பாவைப் பற்றிப் பேசினேன். மூட்டை தூக்கித் தூக்கித் தோளில் காய்த்துப்போன இடம், அதில் நான் எண்ணெய் தேய்த்துவிடுவது, இதெல்லாம்.

டீ இடைவேளையில் நித்திலா மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் நல்லவர். சென்னையில் பெரிய வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தவர் என்று சொல்கிறார்கள். எங்கள் ஒவ்வொருவர் பெயரும் அவருக்குத் தெரியும்.

"நல்லா பேசுற, மோனிஷா. ஆனா அப்பாவோட உழைப்பை இன்னைக்கே நாலு பேர் சொல்லிட்டாங்க. உன் வீட்டுல மட்டும் நடந்தது என்ன? நினைச்சா உனக்கே தொண்டை அடைக்கணும். அதைத் தேடு" என்றார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தேடினேன். எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அது எனக்கு வருத்தமாக இருந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

அக்காவும் மாமாவும் வந்தார்கள். குணா மாமா குட்டி யானை லோடு வண்டி ஓட்டுகிறார். பக்கத்தில் சவாரி இருந்தால் அக்காவையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிடுவார். அக்கா எனக்கு ஒரு சுடிதார் தைத்துக்கொண்டு வந்திருந்தாள். மாம்பழ மஞ்சள், கழுத்தில் பச்சைப் பட்டி.

"மேடையில ஏறுறவ பழசைப் போட்டுட்டு நிக்கக்கூடாதுல்ல. அத்தைதான் துணி எடுத்துக் குடுத்தாக" என்றாள்.

அத்தை என்றால் அவள் மாமியார். அக்காவும் மாமியாரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள் என்று அம்மா தெருவெல்லாம் பெருமையாகச் சொல்வாள். அக்காவின் கல்யாணம் நல்லபடியாக அமைந்ததில் அம்மாவுக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. ஏன் ஆச்சரியம் என்பது எங்கள் வீட்டுக்குள் மட்டும் தெரியும்.

குழந்தையைக் குளிப்பாட்டினேன். தண்ணீர் காதில் போய்விட்டது என்று அக்கா திட்டினாள்.

மார்ச் 1, சனி

மேடத்திடம் சொல்லிவிட்டேன். மேடத்திடம் மட்டும்தான்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். கடன் ஆகிவிட்டது. அக்கா பத்தாவது முடித்திருந்தாள். நூல் மில் வேனில் ஒருவர் வந்து, ஹாஸ்டலில் தங்கி மூன்று வருடம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவோம் என்றார். அக்கா போனாள். நான் பள்ளிக்கூடம் போனேன். இரண்டாவது வருடம் ஒருநாள் விடியற்காலையில் அக்கா ஹாஸ்டல் சுவர் ஏறிக் குதித்துவிட்டாள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தவளைப் பெண் போலீஸ் பார்த்து, வயது பதினெட்டு ஆகவில்லை என்று காப்பகத்தில் சேர்த்துவிட்டார்கள். சர்டிபிகேட், கையெழுத்து என்று அலைந்து அவளை வீட்டுக்குக் கூட்டிவர இரண்டு மாதம் ஆனது. ஊருக்கு, கோயம்புத்தூரில் அப்பா கூடப்பிறந்த அத்தை வீட்டில் இருந்தாள் என்று சொன்னோம்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அம்மா அன்றைக்கு என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாள். போலீஸ், காப்பகம் என்று தெரிந்தால் அக்காவை யாரும் கட்டமாட்டார்கள் என்றாள்.

சொல்லி முடிக்கும்போது மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுதான் மோனிஷா உன் கதை."

"வெளிய சொல்லக்கூடாதுன்னு அம்மா சொல்லிருக்காங்க மேடம்."

"அக்கா பேரைச் சொல்ல வேண்டாம். ஊர் சொல்ல வேண்டாம். வெட்கப்பட வேண்டியது உங்க வீடா, அந்த மில்லா? யோசிச்சுப் பாரு. கட்டாயம் இல்ல."

கட்டாயம் இல்லை என்று சொன்னார். அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 12, புதன்

பரீட்சை நேரம். தண்ணீர் லாரி வரவில்லை. அக்கா போன் பண்ணினாள், குழந்தைக்குப் பல் முளைக்கிறதாம். பேச்சைப் பற்றிக் கேட்டாள். "ரெடி ஆயிருச்சுக்கா" என்றேன்.

மார்ச் 29, சனி

நான் ஜெர்மனி போகிறேன்!

ஹால் நிறைய ஆட்கள். முன்வரிசையில் வெளிநாட்டுக்காரர்கள் மூன்று பேர், பண உதவி செய்கிறவர்கள். எனக்கு முன்னால் பேசிய பையன் பாதியில் மறந்துவிட்டு நின்றான். அடுத்து நான். முதல் வரியைச் சொன்னவுடன் ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. "என் அக்கா சுவர் ஏறிக் குதித்த இரவில் நான் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்." அந்த வரியை நானே எழுதினேன்.

மேடம் திருத்தியது இரண்டு இடம்தான். மற்றதெல்லாம் என்னுடையது. மில்லில் அக்காவை ஓர் அறையில் பூட்டி வைத்தார்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அப்படியும் நடந்திருக்கலாம். இல்லாவிட்டால் ஏன் சுவர் ஏறிக் குதிக்கிறாள்?

முடித்ததும் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா மேடைக்கே வந்து என்னைக் கட்டிக்கொண்டார். மஞ்சள் சுடிதாரில் அவர் பவுடர் ஒட்டிவிட்டது.

மார்ச் 30, ஞாயிறு

"என்ன பாப்பா பேசுன?" என்று அம்மா கேட்டாள்.

"அப்பாவைப் பத்தி."

அப்பா காதில் விழாத மாதிரி பேப்பரைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் முகம் எப்படி மலர்ந்தது என்று பார்த்தேன். மத்தியானம் கறி எடுத்துக்கொண்டு வந்தார்.

ஏப்ரல் 14, திங்கள்

பாஸ்போர்ட்டுக்கு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து விசாரித்தார். வாசலில் போலீஸ் வண்டியைப் பார்த்ததும் அம்மா களைந்துகொண்டிருந்த அரிசியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். பழைய ஞாபகம். நான் சிரித்து அவளை உள்ளே அனுப்பினேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

டிரஸ்ட் என் பேச்சை வீடியோவாகப் போட்டிருக்கிறது. கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடுகிறது. பார்த்தவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. காலையிலிருந்து பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். கமெண்டில் யார் யாரோ 'சிங்கப்பெண்' என்று எழுதியிருக்கிறார்கள்.

சாயங்காலம் மேடத்துக்கு போன் பண்ணி, "மேடம், என் மூஞ்சி தெரியுதே" என்றேன்.

"உன் முகம் தெரியணும்மா. உன்னைப் பார்த்து எத்தனை பிள்ளைங்க தைரியமா வருவாங்க. அக்கா பேர் எங்கயும் இல்லையே."

ஆமாம், பெயர் இல்லை. ஆனால் எனக்கு இருப்பது ஒரே அக்கா.

இதை இப்போதுதான், எழுதும்போதுதான் யோசிக்கிறேன். எடுத்துவிடுங்கள் என்று மேடத்திடம் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம்.

ஏப்ரல் 30, புதன்

சொல்லவில்லை. விசா வந்துவிட்டது.

மே 10, சனி

நாளைக்குச் சென்னை, அங்கிருந்து விமானம். தெருவில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அக்கா வரவில்லை. வருகிறேன் என்று போன வாரம்கூடச் சொல்லியிருந்தாள். போன் சுவிட்ச் ஆஃப். மாமாவும் எடுக்கவில்லை.

"குழந்தைக்குக் காய்ச்சலாம். நீ நல்லபடியாப் போய்ட்டு வா" என்றாள் அம்மா. என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியில் ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள். சுற்றியதையே பிரித்து மறுபடி சுற்றினாள்.

என்ன காய்ச்சல் என்று நான் கேட்கவில்லை.

மே 14, புதன்

ஜெர்மனி. சின்ன ஊர். ஆறு ஒன்று ஊருக்கு நடுவே ஓடுகிறது, நிறையத் தண்ணீரோடு. சூரியன் சாப்பாட்டு நேரம் தாண்டியும் மறையவில்லை. நான் தங்கியிருப்பது ஹெல்கா என்ற அம்மாவின் வீட்டில். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக ஒரு பூனையோடு இருக்கிறார். காலையில் ரொட்டி, மத்தியானம் சூடான சாப்பாடு, சாயங்காலம் மறுபடி ரொட்டி. ஊறுகாயை ருசி பார்த்துவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். மறுநாள் மறுபடி கேட்டார்.

இந்த ஊர்ப் பிள்ளைகளும் எங்களோடு முகாமில் இருக்கிறார்கள். அவர்களும் வசதியில்லாதவர்கள் என்று சொன்னார்கள். எல்லோரும் நல்ல ஷூ போட்டிருந்ததால் எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. யானா என்ற பெண் என் ஜோடி. என்னைவிட ஒரு வயது பெரியவள். குட்டை முடி. அதிகம் பேசமாட்டாள், ஆனால் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். நாங்கள் பேசுவது உடைந்த ஆங்கிலத்தில்தான்.

மே 18, ஞாயிறு

ஊர் மண்டபத்தில் எங்கள் ஆறு பேருக்கும் வரவேற்பு. நான் கடைசியாகப் பேசினேன். ஒருவர் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். அவர் மொழிபெயர்க்கும்வரை நிறுத்த வேண்டியிருந்ததால் எந்த இடத்தில் மூச்சை இழுக்கிறார்கள் என்று நன்றாகத் தெரிந்தது. பூட்டிய அறையில் மூன்று நாள் பட்டினி என்று சொன்னேன். போன தடவை பட்டினி இல்லை. காப்பகத்தைப் பற்றியும் இருட்டு, கம்பி ஜன்னல் என்று ஏதோ சொன்னேன். நான் அந்தக் காப்பகத்தைப் பார்த்ததே கிடையாது. அப்பா மட்டும்தான் போனார்.

ஹெல்கா அழுதுவிட்டார். யானா கை தட்டவில்லை. எழுந்து வெளியே போய்விட்டாள்.

மே 19, திங்கள்

யானாவிடம் கேட்டேன், பேச்சு பிடிக்கவில்லையா என்று.

"நான் அப்படி ஒரு இடத்தில்தான் இருக்கிறேன்" என்றாள். "எட்டு வயதிலிருந்து. பிள்ளைகள் காப்பகம். எனக்கு அது வீடு. நீ அதைச் சிறை மாதிரி சொன்னாய்."

எங்கள் ஊரில் வேறு மாதிரி என்றேன்.

"இருக்கலாம்" என்றாள். கொஞ்ச நேரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தாள். பிறகு, "நீ இதைச் சொல்வது உன் அக்காவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

மே 22, வியாழன்

இன்றைக்கு வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் தங்கள் வாழ்க்கையில் கஷ்டமான ஒன்றைச் சொல்லவேண்டும். யானாவின் முறை வந்தது. அவள் தலை நிமிர்ந்து, "நான் சொல்ல விரும்பவில்லை" என்றாள். திட்டுவார்கள், முகாமிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். நடத்துகிறவர், "நல்லது, நன்றி யானா" என்று சொல்லிவிட்டு அடுத்த பையனைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான். ஒன்றுமே ஆகவில்லை.

சொல்லாமல் இருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இல்லை, அப்படி எழுதக்கூடாது. மேடம் கட்டாயம் இல்லை என்றுதான் சொன்னார்.

மே 23, வெள்ளி

வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் பேசினேன். பின்னால் குழந்தை அழுகிற சத்தம். "தர்ஷனாம்மா?" என்றேன். "ஆமா, சும்மா ரெண்டு நாளு வந்துருக்கா" என்றாள் அம்மா. "அக்காட்ட குடும்மா" என்றேன். "துணி துவைக்கப் போயிருக்கா" என்றாள். அந்த நேரத்தில் அக்காவின் இருமல் போனுக்குப் பக்கத்திலேயே கேட்டது.

மே 25, ஞாயிறு

ஹெல்காவோடு ஆற்றங்கரையில் நடந்தேன். வாத்துகள். ஐஸ்கிரீம். அழகாக இருந்தது என்று எழுதவேண்டும். இருந்தது.

மே 31, சனி

கடைசி நிகழ்ச்சி. என்னைப் பேசச் சொன்னார்கள். யானா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வேறு எதையாவது பேசலாம் என்று எண்ணிக்கொண்டுதான் மேடை ஏறினேன். அப்பாவின் தோளைப் பற்றி ஆங்கிலத்தில்கூட எழுதி வைத்திருந்தேன்.

அக்கா கதையைத்தான் பேசினேன்.

ஜூன் 2, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டேன். அக்கா எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அம்மா போனில் சொன்ன மாதிரி இரண்டு நாளாக இல்லை. நான் கிளம்புவதற்கு முன்னிருந்தே. மே எட்டாம் தேதி மாமா கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார். நான் ஊருக்குப் போகும்வரை தெரியக்கூடாது என்று காலனிக் கடைசியில் சித்தி வீட்டில் இருந்திருக்கிறாள். நான் கிளம்பிய அன்று சித்தி வீட்டு ஜன்னலிலிருந்து கார் போவதைப் பார்த்தாளாம்.

இதை அம்மா அடுப்படியில் வைத்துச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

"அவ மாமியாருக்கு அடுத்த வீட்டுக்காரி போன்ல போட்டுக் காட்டிருக்கா. 'இது உங்க மருமக தங்கச்சிதானே, அப்ப காப்பகத்துல கெடந்தது உங்க மருமகளா'ன்னு. தெருவே கூடிப் பாத்துருக்கு."

"ஏம்மா எனக்குச் சொல்லல?"

"அவதான் சொல்லக்கூடாதுன்னுட்டா. பாப்பா போற நேரத்துல மனசைக் கெடுக்காதீகன்னா."

நான் அம்மா காலைப் பிடித்தேன். அம்மா தள்ளிவிடவும் இல்லை, தூக்கிவிடவும் இல்லை. "தலையில கை வச்சுச் சத்தியம் வாங்குனேன்ல" என்று மட்டும் சொன்னாள்.

அப்பா என்னோடு பேசவில்லை. என் பெட்டியை மட்டும் உள்ளே தூக்கி வைத்தார்.

ஜூன் 5, வியாழன்

அக்கா சாதாரணமாக இருக்கிறாள். என் துணியையும் சேர்த்துத் துவைக்கிறாள். ஜெர்மனியில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறாள். அவள் திட்டினால் நன்றாக இருக்கும்.

இன்றைக்குக் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் எழுதிக்கொண்டிருந்ததை மூடினேன்.

"வீடியோவ நானும் பாத்தேன்" என்றாள்.

"அக்கா..."

"பூட்டி வச்சாகன்னு சொன்னியே, உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. நானா..."

"ம்." கொஞ்ச நேரம் குழந்தையின் விசிறியை வீசிக்கொண்டிருந்தாள். "காப்பகத்துல நான் அழுதுக்கிட்டுக் கெடந்தேன்னு நெனச்சியா? அங்கதான்டி ரெண்டு வருசத்துக்குப் பெறகு விடிய விடியத் தூங்குனேன். தையல் அங்கதான் படிச்சேன். அங்க ஒரு டீச்சர் இருந்தாக, என்னைய மறுபடி படிக்கவைக்கிறேன்னாக. அப்பா வந்து கூட்டிட்டு வந்துட்டாரு."

அவள் விசிறியைக் கை மாற்றிக்கொண்டாள்.

"நீ பேசி முடிச்சதும் அங்க இருந்தவுக எல்லாம் என்ன பண்ணுனாக?"

"கை தட்டுனாங்கக்கா."

"எதுக்கு?" என்றாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஜூன் 8, ஞாயிறு

அப்பாவும் நானும் வத்தலக்குண்டு போனோம். நான்தான் போகவேண்டும் என்று அழுதேன். பஸ்ஸில் அப்பா எனக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தார்.

மாமாவின் வண்டி வாசலில் நின்றது. மாமா எங்களை உள்ளே கூப்பிட்டுப் பாய் போட்டார். நான் உட்காராமல், "மாமா, எல்லாம் என் தப்பு. உங்ககிட்ட மறைச்சு அக்காவைக் கட்டிக்குடுத்தது எங்க வீட்டுத் தப்பு, அக்கா மேல ஒண்ணும் இல்ல" என்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததைச் சொன்னேன்.

மாமா என்னைப் பார்த்தார். "யாரு மறைச்சா? பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே உங்க அக்கா என்கிட்ட சொல்லிருச்சு. கொல்லப்பக்கம் நின்னு அஞ்சு நிமிசம் பேசுனோம்ல, அப்ப. 'இதுக்கப்புறமும் சரின்னா சரி சொல்லுங்க'ன்னுச்சு."

அப்பா தலையைத் தூக்கினார். அவருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது.

"அது எங்க ரெண்டு பேருக்குள்ள இருந்துச்சு மோனிஷா. நாங்க அதைப் பத்திப் பேசுறதுகூட இல்ல. இப்ப ஸ்டாண்டுல வண்டிய நிப்பாட்டுனா ஒவ்வொருத்தனும் என் மூஞ்சியைப் பாத்துட்டு போனைப் பாக்குறான். நான் என்ன செய்ய?"

அப்போது அத்தை உள்ளேயிருந்து வந்தார். மெலிந்துபோயிருந்தார். எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்துச் சொன்னார்:

"உங்க மக மேல எனக்கு வேற கோவம் இல்லண்ணே. ஒரே தட்டுல சாப்புட்டோம். புருசன்கிட்ட சொன்னவ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. அடுத்தவ போன்ல பாத்து நான் தெரிஞ்சுக்கணுமா? தெருவுல நிக்கவச்சுக் கேக்குறாளுக, நான் முழிக்கிறேன். ரெண்டு பேரும் சேந்து என்னைய வெளியாள் ஆக்கிட்டாக. எனக்கு மனசு விட்டுப் போச்சு. அவ இந்த வீட்டுக்கு வேண்டாம்."

"அத்தை, நான் பேசாம இருந்திருந்தா..." என்றேன்.

"நீ சின்னப் புள்ள" என்றார். அதற்கு மேல் என் பக்கம் திரும்பவில்லை.

வரும்போது பஸ்ஸில் அப்பா திடீரென்று, "என்னைப் பத்திப் பேசுனேன்னு சொன்னியே" என்றார்.

"முதல்ல அப்படித்தான்ப்பா பேசுனேன்."

"அதையே பேசிருக்கலாம்ல" என்றார்.

ஜூன் 12, வியாழன்

மேடத்துக்கு போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா இப்போது எங்கே இருக்கிறார் என்று அவர் முதலில் கேட்டார். பிறகு, "அக்காகிட்ட நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். நான்தான் கேட்டிருக்கணும்" என்றார். அழுதார் என்று நினைக்கிறேன். ஒரு மணி நேரத்தில் வீடியோவை எடுத்துவிட்டார்கள். ஆனால் அது ஏற்கெனவே பல போன்களில் இருக்கிறது. சோகப் பாட்டுப் போட்டு யாரோ வெட்டி ஒட்டியதை என் வகுப்புப் பெண்ணே எனக்கு அனுப்பினாள், 'செம டி' என்று எழுதி.

மேடம் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். அக்காவிடம் கேட்டேன். "வேண்டாம். அவுக வந்தா மறுபடி தெரு கூடும்" என்றாள்.

கட்டாயம் இல்லை என்று அவர் சொன்னதை மேடம் ஞாபகப்படுத்தவில்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஜூன் 18, புதன்

பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிவிட்டது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைமையாசிரியர் என் பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார். 'ஜெர்மனி சென்று வந்த நம் பள்ளியின் பெருமை' என்று ஒரு சால்வை. இரண்டு வார்த்தை பேசு என்றார். "நான் பேசலை சார்" என்றேன். வெட்கப்படுகிறாள் என்று சொல்லி எல்லோரும் சிரித்தார்கள்.

யானாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அக்காவுக்குத் தெரியும் என்று சொன்னது பொய் என்று. அவள், 'அன்றைக்கே தெரியும்' என்று பதில் எழுதினாள். வேறொன்றும் எழுதவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மாமா வந்தார். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் நின்றார். அக்கா குழந்தையோடு போய் வண்டிக்குப் பக்கத்தில் நின்று பேசினாள். நாங்கள் யாரும் வெளியே போகவில்லை. அம்மா மூன்று தடவை டீயைச் சுடவைத்தாள்.

திண்டுக்கல்லில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறாராம். வண்டியையும் அங்கேயே ஓட்டப்போகிறார். அத்தை வரமாட்டார். மாமா வாரம் ஒருமுறை போய் அத்தையைப் பார்த்துவிட்டு வருவார். அக்கா போகமுடியாது.

அம்மா சாமிக்குத் தேங்காய் உடைத்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றாள். அக்கா இன்றைக்கு முழுவதும் சாப்பிடவில்லை. மாமா கிடைத்துவிட்டாரே அக்கா என்றேன். "அத்தை தனியா உக்காந்து சாப்புடுவாகடி" என்றாள்.

ஜூன் 29, ஞாயிறு

புது வீட்டைக் கழுவிவிடப் போனேன். மாடியில் ஓர் அறையும் அடுப்படியும்தான். தண்ணீர் கீழே இருந்து தூக்கவேண்டும். நான் தூக்கினேன், அக்கா தேய்த்தாள். தர்ஷன் இடுப்பில் கட்டிய கயிற்றை ஜன்னல் கம்பியில் முடிந்திருந்தோம்; அது எட்டும் தூரத்துக்குள் அவன் தவழ்ந்துகொண்டிருந்தான். இந்தத் தெருவில் அக்காவை யாருக்கும் தெரியாது. எதிர்வீட்டு அம்மா வந்து எந்த ஊர் என்று கேட்டபோது அக்கா வத்தலக்குண்டு என்றாள், வேடசந்தூர் என்று சொல்லவில்லை. என்னை யார் என்று கேட்டார். "தெரிஞ்ச பொண்ணு, ஒத்தாசைக்கு வந்திருக்கு" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் வாளியை எடுத்தாள்.

அது நியாயம்தான். என் முகத்தைத்தான் எல்லோருக்கும் தெரியும்.

வேலை முடிந்து ஈரத்தரையில் கால் நீட்டி உட்கார்ந்தோம். அக்காவின் குதிகாலில் வெடிப்பு. இத்தனை வருடம் நான் கேட்காததைக் கேட்டேன்.

"அக்கா, மில்லுல என்னதான்க்கா நடந்துச்சு?"

அவள் காலை மடக்கிக்கொண்டாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"ஊரு பூராத்துக்கும் சொல்லிட்டு இப்ப கேக்குற" என்றாள். ஆனால் சொன்னாள். வேனில் ஏறிய நாளிலிருந்து சொன்னாள். குழந்தை நடுவில் தூங்கிவிட்டான். நான் மூன்று மேடையில் சொன்னது எதுவும் அதில் இல்லை. சிரிக்கிற இடங்கள்கூட இருந்தன, நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். ஓர் இடத்தில் அவளால் தொடர முடியவில்லை. எழுந்து துடைப்பத்தை எடுத்து, ஏற்கெனவே காய்ந்துவிட்ட தரையைக் கொஞ்ச நேரம் கூட்டினாள். பிறகு வந்து உட்கார்ந்து மீதியைச் சொன்னாள்.

முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இது மேடைக்கு இல்லடி" என்றாள்.

"தெரியும்க்கா."

"டைரிக்கும் இல்ல."

சரி என்றேன்.